விஷ்ணுப்ரியாவின் எலக்ட்ரானும் அத்திம்பேரின் மௌனமும்

கரமனை,
ஞாயிற்றுக்கிழமை.

திருநெல்வேலியில் மௌனவிரதம் காத்துவரும் மகாமகிமை பொருந்திய அத்திம்பேர் ராமசுப்ரமணியன் அவர்களுக்கு, மைத்துனன் நீலகண்டன் சாஷ்டாங்க நமஸ்காரம். இங்கு சௌக்கியம். அக்கா முழங்கால் தேவலையா? போனில் என் பெயரைப் பார்த்தாலே எடுக்கமாட்டேன் என்கிறீர்கள், ஆகவே கடிதம்.

கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டுப் பௌதிகம் படிக்கப் போனாள் என்று ஐந்து வருஷமாக நீங்கள் முகங்கொடுத்துப் பேசாத உங்கள் பெண் விஷ்ணுப்ரியா டாக்டர் ஆகிவிட்டாள்! ஊசி போடுகிற டாக்டர் இல்லை. அணுவையே படுக்கவைத்துச் சோதிக்கிற டாக்டர். பொன்முடி மலையடிவாரத்தில் ஒரு ஹாலில் வாய்மொழித் தேர்வு. உலகமே வந்திருந்தது, நீங்கள் வரவில்லை.

மேடையேறினாள், புரொஜெக்டர் அணைந்தது, அசரவில்லை, சாக்பீஸை எடுத்தாள். ஆயிரம் சூரியனை ஊசிமுனையில் நிறுத்தினாற்போல் ஒரு லேசர், அது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுக்கிறது, அந்த எலக்ட்ரான் வெளிச்சத்தோடேயே பந்தயம் கட்டுகிற வேகத்தில் ஓடுகிறது, ஓடும்போதே ஒளி போகும் பக்கமாகத் தள்ளப்படுகிறது என்று அவள் சொல்லிக்கொண்டு போக, எனக்கே புரிந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது வெளியூர்ப் பரீட்சகர் எழுந்தார். மலையாளி, மீசை மட்டும் ஒரு முழம்.

"எல்லாம் சரி மோளே, எலக்ட்ரானோட தன்சுழற்சி, அந்த ஸ்பின்னை எதுக்கு இழுக்கணும்? அது இல்லாமலும் கணக்கு வருமே?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவள் சிரித்தாள்.

"சார், கரமனை பஸ்ஸிலே நெரிசல்லே இறங்கியிருக்கேளா? ஒரு தோளைத் திருப்பினவன் சட்டுனு இறங்கிடுவான், மத்த தோளைத் திருப்பினவன் மாட்டிப்பான். சுழல்ற லேசர்லே எலக்ட்ரானும் அப்படித்தான், அதோட ஸ்பின் எந்தப் பக்கமோ அதுக்குத் தகுந்த மாதிரி வெளியே வர்ற வாய்ப்பு மாறும். ஸ்பின்னை விட்டுட்டா கணக்கு வரும் சார். எலக்ட்ரான்தான் அதைக் கேக்காது."

"கொள்ளாம்!" என்று மலையாளத்தில் மெச்சி அவர் மேஜையைத் தட்ட, எழும்பிய கைதட்டலில் பொன்முடி பத்தாவது வளைவில் ஏறிய பஸ் நாலு வளைவு பின்னால் வந்துவிட்டது. நான் அழவில்லை, அத்திம்பேர். கண்ணில் சாக்பீஸ் தூள்.

தங்களுக்குச் சகல சௌபாக்கியமும், கூடவே பேசக் கொஞ்சம் வாயும் அருளும்படி பகவானை வேண்டும்,
டாக்டரின் மாமா,
நீலகண்டன்.

பி.கு.: மன்னிக்கணும். தேர்வு இனிமேல்தான், வருகிற இருபதாம் தேதி, வியாழன், காலை பத்தரை. மேலே எழுதியதெல்லாம் என் மனசில் நடந்தது. நிஜத்தில் குழந்தை எங்கள் கூடத்தில் ஒத்திகை பார்க்கிறாள், ஸ்பின் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "அப்பா வருவாரா மாமா?" என்பதை மட்டும் தடுமாறாமல் கேட்கிறாள். நீங்கள் வரவில்லை என்று எழுதியிருக்கிறேனே, அந்த ஒரு வரியைப் பொய்யாக்குங்கள். மிச்சத்தை அவள் நிஜமாக்கிவிடுவாள்.