குதிரைவால் கையெழுத்து

மைசூரில் எங்கள் கோட்டுத் தாத்தா அளவுக்குக் கல்யாணம் பார்த்த மனிதர் யாருமே கிடையாது. தன் கல்யாணத்தைப் பார்க்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

என் தாத்தாவின் தம்பி. மண்டி மொஹல்லாவில் குதிரைவண்டி ஓட்டினார். குதிரையிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். "அதுக்கு ஒரு பாஷைதான் வரும், பாவம்" என்பார். புல்லுக்கட்டுக்கு அடியில் ஒரு கறுப்புக் கோட்டு எப்போதும் இருக்கும். மாதா கோயிலில் கல்யாணத்துக்குச் சாட்சி குறைந்தால் சாமியார் ஆளனுப்புவார். தாத்தா கோட்டை உதறி மாட்டிக்கொண்டு, புல்வாசனையோடு உள்ளே போவார்.

சும்மா கையெழுத்துப் போட மாட்டார். முதலில் பெண்ணிடம் கேட்பார்: "பாப்பா, மனசாரத்தானா? இல்லேன்னா சொல்லு, வண்டி வாசல்லதான் நிக்குது."

ஒருத்தி நிஜமாகவே இல்லை என்றுவிட்டாள். அவளை ஏற்றிக்கொண்டு கன்னியர் மடத்துக்கு வண்டியை விட்டார். பின்னால் மாப்பிள்ளை வீட்டார். பிறந்ததிலிருந்து நடந்தே பழகிய குதிரை அன்று ஒருநாள்தான் ஓடியது.

கையெழுத்து தனிக் கூத்து. எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு கிறுக்கல், அதன் கடைசியில் நீளமாகச் சுழித்து ஒரு குதிரைவால். கணக்கில் நான் ஃபெயிலான போதெல்லாம் ப்ராக்ரஸ் கார்டில் அப்பாவுக்குப் பதிலாக அந்த வால்தான் விழுந்தது.

போன மாதம், விஜயநகரில் இருக்கும் பெரியப்பா மகன் எங்கள் வம்ச மரத்தை அச்சடிக்கக் கிளம்பினார்.

"கோட்டுத் தாத்தாவைக் காணோமே அண்ணா?"

"அவர் பேர் என்ன?"

எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியவில்லை. கல்லறையில் இருந்த மரச்சிலுவையையும் கரையான் தின்றுவிட்டது.

"பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, பேரும் இல்ல. மரத்துல எங்கம்மா தொங்கவிடறது? ஆதாரம் கொண்டா, போடறேன். வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுது."

எனக்கு வந்த கோபத்தில் நேரே கோயில் ஆபீஸுக்குப் போனேன். பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் கன்னடப் பெண் தலையில் கைவைத்தாள்.

"பேரே கொத்தில்லாம, ஒண்ணுமே தெரியாம எப்படி ஆன்ட்டி தேடறது?"

"கல்யாணப் புத்தகத்தை எடும்மா."

"கல்யாணமே ஆகலேன்னீங்களே!"

"சாட்சிக் கட்டத்தைப் பாரு."

நாலாவது பக்கத்தில் வால். ஆறாவதில் வால். "நோடி ஆன்ட்டி, பாருங்க, இங்கயும் வால்!" என்று அவள் குதிக்கவே ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு வாலுக்கும் பக்கத்தில் சாமியாரின் குண்டு குண்டான எழுத்து: சவரிமுத்து, வண்டிக்காரர். இந்த வயதில், தாத்தாவின் பெயரை முதன்முதலாகப் படித்தேன். அழுதுவிட்டேன்.

அங்கிருந்தே அண்ணனுக்குப் போன் போட்டேன். "பெரியப்பா கல்யாணத்துக்கும் வால்தான் அண்ணா சாட்சி. அவரை எடுத்தா உன்னையும் எடுக்கணும்."

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "ஸ்பெல்லிங் சொல்லு" என்றார்.

இன்னொரு பக்கத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. தமிழ்க் கம்பவுண்டரான அப்பாவும் கன்னட நர்ஸான அம்மாவும் செய்துகொண்ட கல்யாணம் அது. இரண்டு வீட்டாரும் வரவில்லை. கோட்டுத் தாத்தா வந்தார். குதிரைக்கென்று வைத்திருந்த கன்னடத்தை எடுத்து அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டாராம். மனசாரத்தான் என்றாளாம் அம்மா. வால் விழுந்தது. அதனால்தான் நான் இருக்கிறேன்.

மரம் அச்சாகி வந்துவிட்டது. சவரிமுத்து என்ற பெயருக்குப் பக்கத்தில் மனைவிக்கான கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து அதில் ஒரு குதிரைவால் போட்டேன். கோணலாகத்தான் வந்தது. நன்றி, தாத்தா.