கழிவுக்கு வந்த தட்டுப்பாடு

ஒரு காட்டில், மினிபஸ்கூட எட்டிப் பார்க்காத ஓரத்தில், ஒரு குளம். அதில் செங்கமலம் என்ற தவளை குடியிருந்தாள். குளத்தை ஒட்டியே வேதமூர்த்தி யானையின் கிரானைட் பாலிஷ் பட்டறை. கல் அறுத்த வெள்ளைச் சேறெல்லாம் நேராகக் குளத்துக்குள்தான். செங்கமலம் இட்ட முட்டைகள் ஒன்றுவிடாமல் அதில் மூச்சுமுட்டிச் செத்தன. வயிறு எரிந்தாள். எரியாதா பின்னே?

"அண்ணே, கொஞ்சம் அந்தப் பக்கம் கொட்டக்கூடாதா?" என்று கெஞ்சினாள்.

"அந்தப் பக்கம் என் வீடும்மா" என்றார் யானை.

அப்போதுதான் சிங்காரம் கரடி வந்தார். தரைக்குப் போடும் டைல்ஸ் சுடுகிற சூளைக்காரர். சேற்றை விரலில் தேய்த்துப் பார்த்தார், களிமண்ணோடு கலந்தார், சுட்டார். யானையே ஏறி நின்று பார்த்தார், டைல்ஸ் உடையவில்லை.

"அக்கா, இனி இந்தச் சேறு முழுக்க என் பொறுப்பு. பட்டறை வாசலிலேயே வாங்கிக்கிறேன்" என்றார் கரடி.

ஒரே மாதத்தில் குளம் தெளிந்தது. செங்கமலம் மறுபடி முட்டையிட்டாள். நூற்றுச் சொச்சம் தலைப்பிரட்டைகள்! அவள் சந்தோஷத்தில் கத்திய கத்தலுக்குக் காடே காதைப் பொத்திக்கொண்டது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்கும் நல்ல பேர் கிடைத்திருக்கும். என்ன செய்வது, அந்தக் காட்டில் ஓர் அலுவலகமும் இருந்து தொலைத்தது.

கரடியின் டைல்ஸுக்கு, கழிவிலிருந்து செய்தது என்று பசுமைச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் குகைக்காரர் யாரும் வாங்கமாட்டார்கள். சுற்றுச்சூழல் அதிகாரி ஏகாம்பரம் உடும்பு படிவத்தோடு வந்தார்.

"கழிவை எங்கே எடுக்கிறீர்?"

"பட்டறையிலிருந்து நேரா வாங்கிக்கிறேன் ஐயா."

"நேரா வாங்கினா அது மூலப்பொருள்யா! எங்கேயாவது கொட்டி, அந்த இடம் கெட்ட பிறகு அள்ளினாத்தான் கழிவு. ஏழாவது கட்டத்தைப் பாரும். 'மாசுபட்ட இடம்' காலியா இருக்கே!"

கரடி நேரே யானையிடம் போய் விஷயத்தைச் சொன்னார். மறுநாள் காலையே யானை பழையபடி குளத்தில் சேற்றைக் கொட்டினார். பின்னாலேயே கரடி அள்ளினார். உடும்பு ஏழாவது கட்டத்தை நிரப்பி முத்திரை குத்தினார்.

செங்கமலம் அலறிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். "ஐயா, என் பிள்ளைங்க உள்ளே இருக்குதுங்க! சேற்றை நிறுத்தச் சொல்லுங்க!"

உடும்புக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, அரசாங்கத்திலே பதிவான கழிவு அது. அதுக்குள்ளே போய்ப் பிள்ளை பெத்து வச்சிருக்கியே! சுத்தமான கழிவை இப்படி மாசுபடுத்தலாமா? ஏழு நாளிலே அத்தனை பேரும் காலி பண்ணணும்."

"அதுங்களுக்கு இன்னும் கால்கூட முளைக்கலையே ஐயா!"

"காலா? அது போக்குவரத்துத் துறைம்மா" என்றார் உடும்பு, நோட்டீஸை நீட்டியபடி.

நீதி: கழிவு மேல் புகார் கொடுக்கும் முன், உங்களால் கழிவுக்கு ஏதும் இடைஞ்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.