பாண்டித்துரை வெட்ஜ் பிடித்த கதை

மட்டை தரையில் குத்தி நின்றது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மணல் மட்டும் பறந்து பாண்டித்துரையின் வாய்க்குள் போனது.

துப்பிவிட்டு மறுபடியும் செல்போன் வீடியோவைப் பார்த்தான். குழிக்குப் பக்கத்தில் கிடக்கும் கோல்ஃப் பந்தை மெல்லத் தூக்கிப் போடும் மட்டைக்கு வெட்ஜ் என்று பெயராம். மெல்லத்தான் அடிக்க வேண்டுமாம். சொல்கிறவனுக்கு என்ன, அவன் புல்லில் நிற்கிறான்.

மண்டபம் ஊரையொட்டிய காற்றாலைக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பவனுக்கு ஏன் இந்தத் தலையெழுத்து? எல்லாம் மேனேஜர் கபீரால் வந்தது. பதினெட்டு வருடம் துபாயில் இருந்தவர். கெஸ்ட் ஹவுஸுக்குப் பின்னால் புல் வளர்த்து, நடுவில் குழியும் வைத்திருந்தார். பரமக்குடி ஆபீசுக்கு மாற்றல் கேட்டுப் பாண்டித்துரை மனுவை நீட்டியதும், வெட்ஜ் ஒன்றைக் கையில் கொடுத்து, "பழகிட்டு ஞாயித்துக்கெழம வாங்க. ரெண்டு பந்து அடிச்சுக்கிட்டே பேசுவோம்" என்று சொல்லிவிட்டார்.

பரமக்குடியில் மனைவி நாகஜோதியும் ஒன்றரை வயது மகளும் இருந்தார்கள். மகள் செல்போனைப் பார்த்துத்தான் "அய்யா" என்பாள். நேரில் போனால் யாரோ என்று அழுவாள். இந்த மாற்றல் கிடைக்காவிட்டால் நான் உயிரோடு இருந்தென்ன என்று அவனுக்கு இருந்தது.

மணிக்கட்டு மடங்கக் கூடாது என்றது வீடியோ. கையில் மரஸ்கேலை வைத்துக் கட்டிக்கொண்டு அடித்தான். பந்து சீறிப் போய், பக்கத்து வீட்டு சோணையம்மாள் காயப்போட்டிருந்த நெத்திலிக் கருவாட்டுக்குள் விழுந்தது. அவள் வைத வசவில் அவனுடைய ஏழு தலைமுறையும் வந்து போனது. பாரத்தை இடது காலில் போடு என்றது வீடியோ. போட்டான். கருவேல முள் செருப்பைத் துளைத்து ஏறியது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்த ஞாயிறு ஊருக்கு வர முடியாது என்று போனில் இழுத்தான்.

"மாத்தல் கேக்கப் போனீகளா, கில்லி அடிக்கப் போனீகளா?" என்று கேட்டுவிட்டு நாகஜோதி போனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நொண்டிக்கொண்டே போய் நின்றான். கபீர் அடித்த பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பாண்டித்துரை அடித்ததில் ஒரு தட்டு அகலத்துக்குப் புல் பெயர்ந்து வந்தது. கபீரின் முகம் சுருங்கிவிட்டது.

"விடுங்க, ஒங்களுக்கு இது வராது" என்று மனுவை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

பாண்டித்துரை மனுவை எட்டிப் பார்த்தான். 'முடியாது' என்று எழுதப் போகிறார். பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், ஒரே ஒரு பந்து. எம்புள்ளைக்காகக் கேக்குறேன்."

பாரம் இடது காலில். முள் குத்திய இடத்தில் உயிர் போனது. மணிக்கட்டு அசையவில்லை. மெல்லத் தட்டினான். பந்து எழும்பி, புல்லில் விழுந்து, நிதானமாக உருண்டு குழிக்குள் போனது. அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

கபீர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாஷா அல்லாஹ் என்றார். பேனாவை மூடிப் பையில் செருகினார். இனி எல்லா ஞாயிறும் வந்துவிட வேண்டும், மனுவை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டார்.

டீ கொண்டுவந்த சமையல்காரர் காளிதாஸ் குழியையும் பார்த்தார், பாண்டித்துரையையும் பார்த்தார்.

"என்ன சார் இப்புடிப் பண்ணிட்டீக, இதுவரைக்கும் புல்லப் பேத்த மூணு பேருக்கும் அன்னைக்கே கையெழுத்துப் போட்டு, கேட்ட ஊருக்கே அனுப்பிவச்சுட்டாரே."