சவரிநாதன் டேமும் சார்ஜ் புக்கும்

துறைமுகத்தில் இருந்து ஓய்வு பெற்ற அன்றே சவரிநாதன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி யார் பேச்சையும் கேட்பதில்லை. முக்கியமாக, மனைவி சிலுவையம்மாள் பேச்சை. முப்பத்து நாலு வருஷம் கிரேன் மேலே உட்கார்ந்து ஊரையே குனிந்து பார்த்த மனுஷன். ராயபுரத்து வீட்டுக்குள் நுழைந்தால் மட்டும் அவர்தான் குனிய வேண்டியிருந்தது.

மாத்தூருக்கு அப்பால் சிலுவையம்மாளுக்கு அவள் அப்பா எழுதிவைத்த நிலம் கிடந்தது. கீரை போடலாம் என்று நினைத்திருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், யாரும் கேட்கவில்லை. சவரிநாதன் அங்கே ஓடிய ஓடையை மறித்து மண்கரை எழுப்பினார். இரும்பு ஷட்டரும், மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடக் கலிங்கும் வைத்தார். மிதிபடகு ஒன்று விட்டார். ஊர் அதைக் குட்டை என்றது, அவர் டேம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு சாலமனும் மற்ற பழைய தோஸ்துகளும் தூண்டிலோடு வந்து இறங்குவார்கள். கரைமேல் ஈஸி சேர், அதற்கு மேல் கருவேல நிழல். வீடு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

கரைக்குக் கீழே ஏழு வீடுகள் இருந்தன. முதல் வீட்டுக் கன்னியம்மா ஒரு நாள் வந்து, அடுப்படிச் சுவர் ஊறுகிறது என்று முறையிட்டாள். அவளுக்கு டேமின் பெருமையை அரை மணி நேரம் விளக்கி அனுப்பிவைத்தார் சவரிநாதன். சிலுவையம்மாள்தான் போய்க் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“மரத்த வெட்டணும்யா. வேரு கரையத் தொளைக்குது. எலி வளை வேற கீது.”

“நெழலு வேணாவா?”

“கலிங்குல இன்னாத்துக்கு வலை கட்டிகீற? மிஞ்சுன தண்ணி எப்டி வெளிய போவும்?”

“வலை இல்லேன்னா மீனு பூடும்மே.”

“தண்ணி போவலேன்னா கரையே பூடும்.”

“எனக்கே சொல்லித் தர்றியா? ஹார்பர்ல முப்பத்தி நாலு வருஷம்...”

ஹார்பர் என்று ஆரம்பித்தால் அவர் போய் நிற்கிற இடம் ஒன்றுதான், சார்ஜ் புக். கையெழுத்துப் போட்டவன் பொறுப்பில் கிரேன். அடுத்த ஆள் வந்து கையெழுத்துப் போடாமல் அவன் இறங்கக் கூடாது. அவன் சார்ஜில் இருக்கும்வரை பெரிய அதிகாரியே வந்தாலும் அவன் சொன்னதுதான் சட்டம். புயல் நாளொன்றில் ரிலீவர் வராமல் இருபது மணி நேரம் மேலேயே இருந்ததை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வார். அன்றுதான் மூத்த மகள் பிறந்தாள் என்பதைச் சொல்ல மாட்டார்.

நூறு தடவை கேட்ட கதையை அன்று சிலுவையம்மாள் முழுசாகக் கேட்டாள். மறுநாள் நீளமான நோட்டு ஒன்றில் கட்டம் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். இவ்வளவு பெரிய டேமுக்கு ஒரு சார்ஜ் புக் இல்லாவிட்டால் எப்படி என்றாள். சவரிநாதனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தோஸ்துகள் கைதட்ட, ‘கரை, ஷட்டர், கலிங்கு அனைத்தும் என் சார்ஜில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலை, மீன் பத்திரமா என்று பார்க்க வந்திருந்தவர் லுங்கியை மடித்துக் கட்டி வீட்டுக்குக் கிளம்பும்போது, சிலுவையம்மாள் குடையும் நோட்டுமாகக் கரைமேல் வந்து நின்றாள்.

“எங்கய்யா கெளம்பிட்ட?”

“மழ கொட்டுது, கண்ணு தெரியல?”

“ரிலீவர் யாரு? கையெழுத்து எங்க?”

சாலமனுக்குப் போன் போட்டார். சாலமனுக்கு அன்றைக்குப் பார்த்து மூட்டு வலி. மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை. கீழே ஏழு வீட்டுக்காரர்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்து நாலு வருஷப் பெருமையை அவர்கள் முன்னால் விட்டுவிட்டு இறங்க முடியவில்லை. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஈஸி சேரில் உட்கார்ந்தார்.

இத்தனை நாளும் அந்த சேர் தண்ணீரைப் பார்த்தே கிடந்தது. அன்றுதான் மறுபக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் கால் மட்டத்துக்குக் கீழே கன்னியம்மா வீட்டு ஓடு தெரிந்தது. வாசலில் தொட்டில் சேலை தொங்கியது. கரையின் அடியில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. காலையில் தெளிவாக வந்த தண்ணீர் மத்தியானம் டீ நிறத்துக்கு மாறியது. கரைக்குள்ளிருந்து மண் கரைந்து வருகிறது என்பது அவருக்கே புரிந்தது. ஓடிப்போய்க் கலிங்கு வலையைப் பிடுங்கினார். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு அசைய மாட்டேன் என்றது. ஷட்டர் பக்கம் போனார். வைத்த நாளிலிருந்து அவர் ஒரு சொட்டு எண்ணெய் காட்டாத ஷட்டர், தொட்டால் என்ன ஆகுமோ என்று கையை இழுத்துக்கொண்டார். பயந்துவிட்டார். அந்தத் தொட்டில் சேலையைப் பார்க்கப் பார்க்க அவர் மேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது.

“நீயே சார்ஜ எடுத்துக்கமே,” என்றார்.

காலையிலிருந்து குடையோடு அங்கேயே நின்றிருந்த சிலுவையம்மாள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். ஏழு வீட்டையும் காலி செய்து மேட்டுக்குப் போகச் சொன்னாள். கன்னியம்மாவும் மூன்று பெண்களும் அரிவாளோடு வந்து வலையை அறுத்தார்கள். ஷட்டர் சக்கரத்தை அவளே பிடித்தாள், அது வெண்ணெயாகச் சுற்றியது. இரண்டு வாரம் முன்பே, அவர் ஹார்பரில் இருந்து ஞாபகமாகக் கொண்டுவந்து பரணில் வைத்திருந்த கிரீஸ் டப்பாவை எடுத்து அவள் பூசிவிட்டிருந்தாள். கீழ் ஓடையையும் பெண்கள் தூர் வாரி வைத்திருந்தார்கள். நாலு சுற்று, கொஞ்சம் பொறுத்து இன்னும் நாலு சுற்று. மறுநாள் சாயங்காலம் மிதிபடகு சேற்றில் குந்தியிருந்தது.

“அப்போ டேமு?” என்றார் சவரிநாதன்.

“யாரு சார்ஜு?”

அவள் நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அடுப்பு, குழாய்த் தண்ணி, துணி, ரேஷன் என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தது.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வூடு என் சார்ஜுல கீது. ரிலீவரே வர்ல. போடு.”

ஏழு வீட்டுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போட்டார்.

“எனக்கு ரிலீவர் எப்போமே?”

சிலுவையம்மாள் ஈஸி சேரில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

“சாலமனுக்குப் போன் போட்டுப் பாரு.”