விற்பனைப் பிரிவு வருந்துகிறது

பணம் கட்டியாகிவிட்டது, ரசீதை இணைத்திருக்கிறேன், இணையதளப் பெயரை உடனே எனக்கு மாற்றிக் கொடுக்கவும் என்று பல் டாக்டர் எழுதியிருந்தார். பணம் வரவில்லை.

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் சிக்கலே இல்லை. பல் டாக்டர், டாட்காமின் மனைவிக்கு அண்ணன். ஃபோனை எடுத்து, "என்ன மச்சான், பணம் இன்னும் வந்து சேரலையே" என்று கேட்டால் முடிந்தது. டாட்காமால் அப்படிக் கேட்க முடியாது. பெயரை விற்பது தன் தங்கை புருஷன்தான் என்பது டாக்டருக்குத் தெரியாது. தெரிந்தால் அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் அவர் தலைகாட்ட முடியாது.

டாட்காம் என்பது டயர் கிடங்கில் அவருக்கு வைத்த பெயர். கேலிக்கு வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். பகலில் டயர்களின் இருப்புக் கணக்கைப் பார்ப்பார். மீதி நேரத்தில் இணையதளப் பெயர் வியாபாரம். வியாபாரம் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். யார் கடை திறக்கப் போகிறார்கள், யார் கம்பெனி ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று மோப்பம் பிடித்து, அவர்களுக்கு முன்னால் அந்தப் பெயரில் டொமைனைப் பதிந்து வைத்துக்கொள்வார். பிறகு அவர்கள் இவரைத் தேடி வந்து கேட்ட விலையைக் கொடுக்க வேண்டும். இதுவரை யாரும் தேடி வந்ததில்லை. புதுப்பிக்கும் கட்டணம் மட்டும் வருஷம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

"நிலம் வாங்கிப் போடற மாதிரிதான்" என்று மனைவியிடம் விளக்குவார்.

"நிலமா இருந்தா ஆடாவது மேயும்" என்பாள் அவள்.

இந்த நிலையில்தான், ஒருநாள் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, புதிதாகத் திறக்கப்போகும் மருத்துவமனைக்கு 'புன்னகைச் சோலை' என்று பெயர் வைத்திருப்பதாக டாக்டர் சொன்னார். டாட்காம் பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போனார். குழாயடியில் நின்றபடியே ஃபோனில் அந்தப் பெயரைத் தனக்குப் பதிந்துகொண்டார். திரும்பி வந்து, "அருமையான பேரு மச்சான்" என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட உட்கார்ந்தார். அவருக்கு மனசாட்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டாவது முறை சோறு வேண்டாம் என்றார்.

பெயர்ப் பலகைக்கு ஆர்டர் கொடுத்த பிறகு டாக்டர் வலையில் தேடிப் பார்த்தார். பெயரை எவனோ முந்திக்கொண்டு எடுத்திருந்தான். நேராகத் தங்கை வீட்டுக்கு வந்தார். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் மாப்பிள்ளைதானே.

"எவனோ திருட்டுப் பய மாப்பிள்ளை. நீங்கதான் அவன்கிட்டப் பேசி வாங்கித் தரணும்."

"கவலைய விடுங்க மச்சான். இந்த மாதிரி ஆளுங்களை எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் டாட்காம். அந்த வாக்கியத்தில் மட்டும் பொய் இல்லை.

அதற்கென்று இரண்டாவது ஃபோன் ஒன்றை வாங்கினார். அதிலிருந்து டாக்டருக்குப் போன கடிதங்களின் அடியில் 'விற்பனைப் பிரிவு' என்று இருக்கும். விற்பனைப் பிரிவில் அவரைத் தவிர யாரும் கிடையாது. தனக்கும் விற்பனைப் பிரிவுக்கும் நடுவே கடுமையான பேரம் நடப்பதாக டாக்டரிடம் தினமும் செய்தி சொன்னார். கடைசியில் விற்பனைப் பிரிவு கொஞ்சம் இறங்கி வந்தது. இறங்கிய பிறகும் அந்த விலைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம். டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். டாட்காம் அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டார்.

பணம் நேராகத் தன் வங்கிக் கணக்குக்கு வந்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் நடுவில் ஒரு இடைத்தரகர் தளத்தைப் போட்டார். வாங்குபவர் அந்தத் தளத்தில் பணத்தைக் கட்டுவார். விற்பவர் பெயரை மாற்றிக் கொடுத்ததும் தளம் பணத்தை விற்பவருக்குத் தள்ளிவிடும். யாருக்கும் யாருடைய முகமும் தெரியாது.

அந்த இடைத்தரகர்தான் இப்போது பணம் வரவில்லை என்கிறார். டாக்டர் அனுப்பிய ரசீதோ கண்ணாடி மாதிரி இருக்கிறது. டாட்காம் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். வங்கியின் முத்திரை, தேதி, தொகை எல்லாம் சரி. கிடங்கில் ரசீது பார்த்தே தலை நரைத்தவர் அவர். ஒரே முடிவுக்குத்தான் வர முடிந்தது: இடைத்தரகர் பணத்தை விழுங்கிவிட்டார்.

மறுநாள் சாயங்காலமே டாக்டர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பணத்தையும் வாங்கிக்கிட்டுப் பேரையும் தரமாட்டேங்கறான் மாப்பிள்ளை. ஃப்ராடா இருப்பானோ?"

"சேச்சே, அப்படிச் சொல்லாதீங்க. பெரிய கம்பெனி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மனைவி.

"எழுத்தப் பாத்தா தெரியாதா. எவ்வளவு மரியாதையா எழுதறாங்க."

"மரியாதையா எழுதறவனத்தான் நம்பவே கூடாது. அண்ணே, பேசாம போலீஸ்ல ஒரு புகார் குடுங்க" என்றாள் அவள்.

டாட்காம் கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிக் குளியலறைக்குப் போனார். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தாமதம் ஏற்பட்டிருப்பதாக விற்பனைப் பிரிவு சார்பில் எழுதினார். கூடத்தில் டாக்டரின் ஃபோன் ஒலித்தது. டாக்டர் அதை உரக்கப் படித்தார். கோளாறு அவனுடைய மூளையில் இருக்கும் என்று மனைவி சொன்னது தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அன்றே டாட்காம் ஒரு காரியம் செய்தார். தன் ஆயுளிலேயே அது மிகப் புத்திசாலித்தனமான காரியம் என்று அப்போது நினைத்தார். பெயரை டாக்டருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். பெயர் கைமாறினால் இடைத்தரகர் பணத்தைத் தந்தே ஆக வேண்டும், அதுதானே விதி. டாக்டரும் போலீசுக்குப் போக மாட்டார்.

இடைத்தரகரிடமிருந்து பதில் உடனே வந்தது. இந்த விற்பனைக்கு எங்களிடம் பணம் எதுவும் வரவில்லை; வந்தது என்று நாங்கள் தெரிவிப்பதற்கு முன்பு பெயரை எதற்காக மாற்றினீர்கள் என்று கேட்டிருந்தார்கள்.

பெயரும் போய், பணமும் போய், புகார் கொடுக்கவும் வழியில்லை. புகார் கொடுத்தால் முதல் வரியிலேயே தன் பெயரை எழுத வேண்டும். ஆகவே டாக்டரையே இடைத்தரகர் மேல் ஏவிவிடலாம் என்று கிளம்பினார். மருத்துவமனையில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலியில் டாக்டர் சாய்ந்து படுத்திருந்தார்.

"உங்க பணத்த அந்த இடைத்தரகன் விழுங்கிட்டான் மச்சான். சும்மா விடலாமா?"

"என் பணம் எங்க போச்சு? நான் கட்டினேன், எனக்குப் பேர் வந்திடுச்சு. போனது வித்தவனோட பணம்."

"இருந்தாலும் பாவம் இல்லையா."

டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "யாரு பாவம்? அந்தத் திருட்டுப் பயலா? உங்களுக்கு ரொம்ப இளகின மனசு மாப்பிள்ளை."

இளகின மனசு வீட்டுக்கு வந்து இரண்டாவது ஃபோனை எடுத்தது. பணம் வரவில்லை, பெயரைத் திருப்பிக் கொடுக்கவும், இல்லாவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம் என்று எழுதி அனுப்பியது. மிரட்டினால் டாக்டர் பயந்து இரண்டாவது தடவை பணம் கட்டிவிடுவார் என்று கணக்கு. டயர் இருப்புக் கணக்கையாவது அவர் சரியாகப் போடுகிறாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

டாக்டர் பயந்த மாதிரிதான் தெரிந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு, ஆலோசனை கேட்க, டாட்காமிடமே வந்தார்.

"நீங்களே ஒரு பதில் எழுதிக் குடுங்க மாப்பிள்ளை. நல்லாச் சூடா இருக்கணும்."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து டாட்காம் தனக்குத் தானே பதில் எழுதினார். 'தங்கள் கடிதம் எங்களுக்கு வருத்தம் அளிக்கிறது' என்று தொடங்கினார். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, சூடு போதாது என்றார். 'அயோக்கியனே' என்று தொடங்கச் சொன்னார். டாட்காம் எழுதினார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்று, 'அடுத்தவன் பேரைத் திருடித் தின்கிறவனே' என்பதையும் சேர்க்கச் சொன்னாள். அவர் அதையும் எழுதினார். சேர்ப்பதற்கு அவளிடம் இன்னும் நிறைய இருந்தது. அவள் இவ்வளவு சொல்வளம் உள்ளவள் என்பது இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியாது.

டாக்டர் அனுப்பினார். டாட்காமின் சட்டைப் பைக்குள் மணி அடித்தது.

"யாருங்க அது?" என்றாள் மனைவி.

"ஆபீஸ்."

"எடுத்துப் பாருங்க. அவசரமா இருக்கப் போகுது."

இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஃபோனை எடுத்து, தான் அயோக்கியன் என்பதை முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று டாக்டர் அக்கறையோடு கேட்டார்.

"டயர் லோடு வந்திருக்காம்."

ஆனால் டாக்டருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மிரட்டிவிட்டான், இனிமேல் விடக்கூடாது என்று இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிட்டார். வழியெல்லாம் மெதுவாகவே ஓட்டினார். விற்றவன் யார் என்பதை இப்போதெல்லாம் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுகிறார்களாம், ஃபோன் எந்த வீட்டில் இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுகிறார்களாம். பின் இருக்கையிலிருந்து மனைவி, பிடித்ததும் அவன் முகத்தைத் தனக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

போலீஸ் நிலைய வாசலில் கார் நின்றது. டாட்காம் கதவைத் திறக்கவில்லை.

"மச்சான், ஒரே ஒரு சான்ஸ் குடுங்க."

"யாருக்கு?"

"அவனுக்குத்தான். புகார், கோர்ட்டுன்னு நீங்க அலைய வேணாமேன்னு பாக்கறேன். நான் எழுதறேன். மன்னிப்புக் கேட்டுட்டா விட்டுடலாம்."

டாக்டர் தாடையைத் தடவினார். "வெறும் மன்னிப்ப வெச்சு நான் என்ன பண்றது? பத்து வருஷத்துக்கு அந்தப் பேரை அவன் செலவுல புதுப்பிச்சுத் தரட்டும்."

"இணையதளத்தையும் அவனே கட்டித் தரட்டும். நோயாளிங்க வீட்டுலருந்தே நேரம் பதியற மாதிரி வேணும்ணே" என்றாள் மனைவி.

"கேக்க மறந்துட்டேன் பாரு. அதையும் சேத்து எழுதுங்க மாப்பிள்ளை."

அன்று மாலைக்குள் விற்பனைப் பிரிவு எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டது. பத்து வருஷக் கட்டணத்தை டாட்காம் கட்டினார். தளம் கட்டித் தருகிற ஆளுக்கும் அவர்தான் கட்டினார். அதற்காகத் தன்னிடமிருந்த மற்ற பெயர்கள் அத்தனையையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். 'நடந்த அனைத்துக்கும் விற்பனைப் பிரிவு மனமார வருந்துகிறது' என்ற கடிதத்தை டாக்டர் அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். படிக்கும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. எழுதியவன் நிஜமாகவே வருந்துகிற மாதிரிதான் இருக்கிறது என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

இருந்தாலும் குட்டு உடையவில்லை. அதுதான் முக்கியம் என்று டாட்காம் தன்னைத் தேற்றிக்கொண்டார். பணம் போனால் போகிறது, மானம் தப்பியது.

திறப்பு நாளன்று மருத்துவமனை நிறையக் கூட்டம். வந்தவர்களிடமெல்லாம் டாக்டர் அவரைத் தோளோடு அணைத்து அறிமுகப்படுத்தினார். மாப்பிள்ளை இல்லாவிட்டால் இந்தப் பெயர் நமக்குக் கிடைத்திருக்காது என்றார். மனைவி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். இரண்டு பாராட்டு காதில் விழுந்ததும் டாட்காமுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. முதுகு நிமிர்ந்ததும் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

இனித் தயங்க வேண்டியதில்லை. டாக்டரின் உறவினர் என்ற முறையில் தானே நேரில் போய், பணத்தை விழுங்கிய அந்த இடைத்தரகர்மேல் புகார் கொடுக்கலாம். பணம் திரும்பி வந்தால் அதை எப்படி வாங்கிக்கொள்வது என்பதைப் பிறகு யோசிக்கலாம். வரவேற்பு மேசைக்குப் போனார். அங்கே இருந்த பெண் நோயாளிகளுக்கான அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மருத்துவமனை வேலை ஆரம்பித்த நாளிலிருந்து டாக்டருக்கு எழுத்து வேலையெல்லாம் பார்ப்பவள் அவள்தான்.

டொமைனுக்குப் பணம் கட்டிய ரசீதை அச்சடித்துத் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டாள். நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் போலீசில் கொடுக்கப் போவதாகவும், இந்த மாதிரி மோசடிக்காரர்களைத் தன்னைப் போன்ற விவரம் தெரிந்தவர்கள் சும்மா விடக்கூடாது என்றும் விளக்கினார்.

அவள் கையிலிருந்த அட்டைகள் நின்றுவிட்டன. கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அத மட்டும் போலீஸ்ல குடுத்துடாதீங்க சார், நான் மாட்டிக்குவேன். நாற்காலிக்குப் பணம் கட்டின பேங்க் ரசீதுல பேரு, தேதி, தொகை எல்லாத்தையும் மாத்தி அதச் செஞ்சதே நான்தான். டாக்டர்கூடப் பாவம், பணத்தக் கட்டிடலாம்னுதான் சொன்னாரு. 'விக்கிறதே எங்க வீட்டுக்காரர்தான், அவருக்கு எதுக்குண்ணே பணம்'னு உங்க வீட்டம்மாதான் கட்ட விடல."