முதலில் குந்திய புழு சேர்

கடுகண்ணாவை மலையில் இருந்துகொண்டு கடலின் அடித்தளத்தை அளந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் புழு சேர். சொந்த ஊர் யாழ்ப்பாணம், இங்கே ஏ.எல். பரீட்சைப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூசன் எடுப்பவர். எதைக் கேட்டாலும் பதில் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றில் போய்த்தான் முடியும். நான் பக்கத்து மருந்துக்கடையில் வேலை பார்த்ததால் தினமும் அகப்பட்டுக்கொள்வேன்.

"வெளிச்சமே இல்லாத அடியில கொதிதண்ணி பீறுது. அதில வாற நச்சுவாயுவை வச்சுக் கிருமியள் சாப்பாடு செய்யுதுகள். அந்தக் கிருமியளை உடம்புக்குள்ள வளர்க்கிற குழாய்ப்புழுவுக்கு வாயுமில்லை, வயிறுமில்லை" என்று போனில் வீடியோ காட்டுவார், என் சோற்றுப் பார்சலில் பாதியைச் சாப்பிட்டபடி.

பலீல் நானா சவூதியிலிருந்து திரும்பி வந்து, பஸ் நிற்கும் ஏற்றத்தில் கொத்துரொட்டிக் கடை போட்டார். ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. கடை படுத்துவிட்டால், பெண்டாட்டி பிள்ளையை விட்டு மறுபடியும் பாலைவனம்தான்.

"சேர், ஏதாச்சும் வழி சொல்லுங்களே" என்றார் நானா. கேட்ட இடம் சரியான இடம்.

"புழுக்குஞ்சுகள் நீரோட்டத்தில மிதந்து திரியும். ஊற்றின்ர ரசாயனம் பட்டால் இறங்கும். நீங்களும் வாசத்தை ரோட்டுக்கு விடுங்கோ."

நானா வாசலில் வெங்காயம் வதக்கி, பின்னால் ஃபேனைப் போட்டார். வந்து நின்ற பஸ்ஸில் அத்தனை பேரும் இருமிக்கொண்டே கண்ணாடியை இழுத்து மூடினார்கள்.

புழு சேர் அசரவில்லை. "ஓம், என்ர கணக்குப் பிழைச்சுப் போச்சு. முதல் ஆள் குந்தோணும். அங்க முதல்ல ஒரு சின்னப் புழுவினம் வந்து ஒட்டும். அது இருக்கிற இடத்திலதான் பெரிய புழு வரும், பிறகு மட்டிச் சிப்பி வரும். வெறும் பாறையை ஒருத்தரும் நம்பாயினம்."

"அந்த மொத ஆள் யாரு சேர்?" என்று கேட்டேன்.

மறுநாளிலிருந்து அவரே ரோட்டைப் பார்த்த கதிரையில் உட்கார்ந்து, ஊருக்கே தெரிகிற மாதிரி கொத்து சாப்பிட்டார். எட்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் உரத்த குரலில் விளக்கமும் கொடுத்தார். நானா கெஞ்சினார்: "சேர், சாப்பாட்டுக் கடையில புழுக் கத மட்டும் வாணாமே."

ஆனாலும் ஒரு லொறி டிரைவர் வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்து இரண்டு கண்டக்டர்கள் வந்தார்கள். பெருநாள் வருவதற்குள் கடையில் நிற்க இடமில்லை. நானா பாஸ்போர்ட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஒரு மத்தியானம் போனால் சேரைக் காணவில்லை.

"எடமில்லாம எழும்பிப் போனாரு" என்றார் நானா. "மட்டி வந்தா புழு வெலகத்தானே வேணும்னு சிரிச்சிட்டே போறாரு."

எதிரே புதிதாக ஒரு சலூன் திறந்திருந்தார்கள். ஆளே இல்லை. உள்ளே, கழுத்தில் வெள்ளைத் துணி கட்டி, ரோட்டைப் பார்த்தபடி கம்பீரமாக உட்கார்ந்திருந்தார் புழு சேர். அவர் தலையில் வெட்டுவதற்கு ஒரு முடிகூடக் கிடையாது.

அந்த மனுசன்மேல் எனக்கு அப்படியொரு பாசம் பொங்கியது. நான் போன வாரம்தான் முடி வெட்டியிருந்தேன். இருந்தாலும் ரோட்டைக் கடந்து போய், அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.