நெலியைப் படிக்க வைத்தவர்

உலகத்தில் படித்தவர்கள் உண்டு, படிக்காதவர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல், இரண்டு பேரையும்விட அதிகமாகக் களைத்துப்போனவராக மூன்றாவதாக ஒருவர் உண்டு. அவர்தான் படிக்க வைத்தவர். பள்ளிக்கூடம் கட்டியவர் என்றோ வாத்தியார் என்றோ நினைத்துவிடாதீர்கள். கல்யாண வீட்டில், பேருந்தில், சவ ஊர்வலத்தில்கூட உங்கள் தோளைத் தொட்டு, தூரத்தில் போகிற நன்றாக உடுத்திய ஒருவனைக் காட்டி, "அவனா? நான் படிக்க வச்ச பையன்" என்று சொல்கிறாரே, அவர். எப்படிப் படிக்க வைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மனம் புண்பட்டவர் போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அதையெல்லாம் வெளியில சொல்ற ஆள் நான் இல்லை" என்பார். பிறகு சொல்வார். நீங்கள் இறங்கவேண்டிய இடம் போய்விடும்.

இந்த இனம் எங்கும் வளரும் என்றாலும் பெரு நாட்டு லீமா நகரத்தின் மலைச்சரிவில் எங்கள் பகுதியில் வளர்கிற செழிப்பு வேறெங்கும் கிடையாது. அதற்குக் காரணம் கோழி. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியவில்லை என்றால் வீட்டுக்காரர்கள் வங்கிக்குப் போவதில்லை. போனாலும் வாசல் காவலாளியைத் தாண்ட முடியாது. கோழி விருந்து வைப்பார்கள். முன்கூட்டியே தெருவெல்லாம் சீட்டு விற்று, மிளகாய் விழுதில் ஊறவைத்த கோழியைப் பொரித்து, அவித்த உருளைக்கிழங்கோடு தட்டில் வைத்துக் கொடுத்து, பாட்டைச் சத்தமாக வைத்து, பீரை விற்று, மிச்சப்பட்டதைக் கல்லூரியில் கொண்டுபோய்க் கட்டுவார்கள். ஏறக்குறைய மொய்தான். ஆனால் யார் எவ்வளவு கொடுத்தார் என்று எழுதிவைக்கிற நோட்டு கிடையாது. நோட்டு இல்லாத குறையினால்தான் இந்த இனமே உண்டாயிற்று என்பது என் தாழ்மையான கருத்து.

எங்கள் அனத்தோலியோ பலோமினோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணி, பெயிண்ட், சிமெண்டு விற்கிற சிறிய கடை வைத்திருப்பவர். கீழே கடை, மேலே வீடு. நெலி சுல்கா என்கிற பெண் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அவள் அம்மா ஹசிந்தா வைத்த முதல் கோழி விருந்துக்கு அவர் ஒரு சீட்டு வாங்கினார். ஒரு சீட்டுக்கு ஒரு தட்டு. அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். தொடைக்கறி சின்னதாக இருக்கிறது என்று சொல்லி மாற்றி வாங்கினார். தொட்டுக்கொள்ள மிளகாய் விழுது போதவில்லை என்றார். போகும்போது மகள் மரிபெலுக்கு என்று ஒரு பொட்டலமும் கட்டி வாங்கிக்கொண்டார். உயர்கல்விக்கு அவர் செய்த முதலீடு இத்தோடு முடிந்தது.

ஆனால் முதலீடு வளர்கிற தன்மை உடையதல்லவா? நெலி முதல் வருஷம் தேறியபோது அவர், "நானும் ஒரு சீட்டு வாங்கினேன்" என்று உள்ளதைச் சொன்னார். இரண்டாம் வருஷத்தில் அது "நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து பாத்துக்கறோம்" என்று ஆயிற்று. அவள் பாலங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது அந்த நாலைந்து பேர் ஒவ்வொருவராகக் கழன்று போய்விட்டார்கள். பட்டமளிப்பு நாளில் அனத்தோலியோ கோட்டு போட்டுக்கொண்டு போய், நெலிக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. ஹசிந்தாவின் பாதி முகத்தைப் படச்சட்டம் மறைக்கிறது.

அந்த ஹசிந்தா யார் என்று கேட்கிறீர்களா? விடியுமுன் எழுந்து கின்வா என்கிற தானியத்தில் கஞ்சி காய்ச்சி, வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பவர். நெலி படித்த காலம் முழுவதும் மழைத்தூறலோ காய்ச்சலோ பார்க்காமல் அந்த வண்டியைத் தள்ளினார். அவர் இதுவரை யாரிடமும் யாரையும் படிக்க வைத்ததாகச் சொன்னதில்லை. எனக்கு இதில் கோபம்தான். ஆனால் இது கேலிச் சித்திரம். கோபத்துக்கு இங்கே இடமில்லை என்பதால் மேலே போகிறேன்.

படிக்க வைத்தவர் தன் சொத்தைச் சும்மா பூட்டி வைத்திருப்பவரல்ல. தண்ணீர் மோட்டார் சத்தம் போட்டால் நெலியைக் கூப்பிட்டு அனுப்புவார். தொலைக்காட்சியில் கோடு விழுந்தால் கூப்பிட்டு அனுப்புவார். "மாமா, நான் சிவில்" என்பாள் அவள். "இன்ஜினியருன்னா எல்லாந்தான் தெரிஞ்சிருக்கணும். இதுக்கா அவ்வளவு செலவு பண்ணினேன்?" என்பார். தெருமுனையில் மூன்று சக்கர வண்டி ஓட்டும் ஃபெலிசியானோவுக்கு இது பிடிக்காது. அவரும் ஒரு சீட்டு வாங்கியவர். அவர் கணக்குப்படி நெலியின் கணக்குப் பாடம் முழுவதும் அவருடையது. "பாலம் வேணா உன்னோடதா இருக்கட்டும் அண்ணே. கணக்கு நான் தின்ன தட்டு" என்று ஒருநாள் நடுத்தெருவில் சண்டையே பிடித்தார்.

இப்படி இருக்கையில் அனத்தோலியோவுக்கு, மகள் மரிபெலும் அவள் குழந்தையும் கூட இருக்கிற தன் வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்பி வாடகைக்கு விட ஆசை வந்தது. எங்கள் பக்கத்து வீடுகள் எதுவும் முடிந்தது கிடையாது; எல்லா மொட்டை மாடியிலும் அடுத்த மாடிக்கான கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இப்போது நகராட்சியில் இன்ஜினியர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அனத்தோலியோ சிரித்தார். அவரிடம் இல்லாத இன்ஜினியரா?

"கண்ணு, ஒரே ஒரு கையெழுத்து. நீ வந்து பாக்கக்கூட வேணாம். வெயில்ல எதுக்கு அலையறே?" என்று காகிதத்தை நீட்டினார்.

"பாக்காம எப்படி மாமா போடறது?"

"நான் உன்னைப் பாத்துப் பாத்தா படிக்க வச்சேன்? கண்ணை மூடிக்கிட்டு வச்சேன்ல?"

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்."

அனத்தோலியோ லேசுப்பட்டவரல்ல. அதே ஞாயிற்றுக்கிழமைக்கே தளம் போட ஆள் பேசிவிட்டார். எங்கள் பக்கத்தில் தளம் போடுவது என்றால் பாதி திருவிழா. குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் வைப்பதுபோலக் கூரைக்கும் ஞானத்தாய் ஒருவரை வைத்து, பூச்சுற்றிய சிலுவை நட்டு, ரிப்பனில் தொங்கும் மதுப்புட்டியை அவர் கையால் சுத்தியல் கொண்டு உடைக்கச் செய்து, தெருவுக்கே சாப்பாடு போடவேண்டும். கூரைக்கு ஞானத்தாய் நெலி என்று தெருவெல்லாம் சொல்லியும் விட்டார். ஊரைக் கூட்டி, சுத்தியலைக் கையில் கொடுத்துவிட்டால், எந்த ஞானத்தாய் மாட்டேன் என்பாள்?

சனிக்கிழமை மாலை நெலி அம்மாவிடம் கேட்டாள்: "நான் கையெழுத்து போடலேன்னா என்ன ஆகும்?"

ஹசிந்தா பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "நன்றி கெட்டவளைப் பெத்தவன்னு சொல்லி இந்தத் தெருவில யாரும் என்கிட்ட கஞ்சி குடிக்கமாட்டாங்க. போட்டா நீ தூங்கமாட்டே. நான் வண்டியை வேற தெருவுக்குத் தள்ளிக்கறேன் விடு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கலவை இயந்திரம் காலையிலிருந்தே உறுமிக்கொண்டிருந்தது. கூலியாட்கள் டின்களோடு வரிசையாக நின்றார்கள். அனத்தோலியோ கோட்டு போட்டு, மொட்டை மாடியில் சிமெண்டு மூட்டை மேல் ஏறி நின்று பேச ஆரம்பித்தார். கல்வியின் அருமையைப் பற்றிப் பேசினார். தியாகத்தைப் பற்றிப் பேசினார். தன் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி என்று அவர் சொன்ன இடத்தில், கூட்டத்திலிருந்து ஃபெலிசியானோ, "வயித்தைக் கட்டியா ரெண்டு தட்டு சாப்பிட்டே?" என்றார். அனத்தோலியோ கேளாதவர் போல இருந்தார். ஞானத்தாயை மட்டும் காணோம்.

நெலி மேலே ஏறி வந்தபோது தலையில் ஹெல்மெட், கையில் சுத்தியல், முழங்கை வரை வெள்ளைத் தூசி. பேச்சு நடந்த நேரமெல்லாம் கீழ்த்தளத்தில் கடைக்குப் பின்னால் தூண்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, மிக்சரை நிறுத்தச் சொல்லுங்க."

"என்னம்மா, முதல்ல புட்டியை உடைக்கணுமா?"

"தளமே போடக்கூடாது. கீழே மூலைத்தூண் ரெண்டும் போச்சு. கடல் மணல்ல கட்டியிருக்கீங்க. உப்பேறி உள்ள கம்பி துருப்பிடிச்சு அப்பளமா உதிருது. இந்த எடை ஏறி, நாளைக்கு ஒருநாள் நிலம் ஆடிச்சுன்னா, கீழே மரிபெலும் குழந்தையும் இருப்பாங்க."

கோழி பொரித்துக்கொண்டிருந்த மரிபெல் கரண்டியைக் கீழே வைத்தாள். பாட்டை யாரோ நிறுத்தினார்கள்.

அனத்தோலியோவின் முகம் சிவந்தது. "கையெழுத்து போடுன்னா நீ எனக்கே பாடம் எடுக்கறியா? உன்னைப் படிக்க வச்சதே நான்!"

"ஆமா மாமா," என்றாள் நெலி. குரலை உயர்த்தவில்லை. "நீங்கதான் படிக்க வச்சீங்க. தெருவுக்கே தெரியும். அந்தப் படிப்புதான் சொல்லுது, தளம் போடக்கூடாதுன்னு."

இந்த இடத்தில் அனத்தோலியோவின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லலாம். சொன்னால், இத்தனை வருஷம் செலவழித்து எதைப் படிக்க வைத்தார்? அவள் சொல்வது சரி என்று சொல்லலாம். சொன்னால் மாடி போயிற்று, வாடகை போயிற்று, கூலியும் சிமெண்டும் கைக்காசு நஷ்டம். மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது. அதை ஃபெலிசியானோ மிகுந்த அன்போடு எடுத்துக் கொடுத்தார்.

"சொல்லிடு அண்ணே. நான் ஒண்ணும் படிக்க வைக்கல, வெறும் கோழிதான் தின்னேன்னு சொல்லிடு. பொண்ணு பேச்சைக் கேக்க வேண்டியதில்லை. வேலையும் நடக்கும்."

"சீக்கிரம் முடிவு பண்ணுங்க ஐயா, கலவை இறுகுது" என்றார் மேஸ்திரி.

அனத்தோலியோ நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைப் பார்த்தார். பூச்சுற்றிய சிலுவையைப் பார்த்தார். மகளைப் பார்த்தாரா என்று கேட்பீர்கள். பார்த்தார். ஆனால் ஃபெலிசியானோவைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"நிறுத்துங்கடா!" என்று கத்தினார். "காதில விழல? நான் படிக்க வச்ச பொண்ணு சொல்றா!"

இயந்திரம் நின்றது. கலந்த கலவை வீணாகக்கூடாது என்று கூலியாட்கள் அதை டின் டின்னாகக் கொண்டுபோய், பனிக்காலத்தில் எல்லோரும் வழுக்கி விழுகிற மேட்டுப் பாதையில் கொட்டிப் படிகளாக்கினார்கள். புட்டியை உடைக்கவில்லை, குடித்தார்கள். மரிபெல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தூண்களைச் சரிசெய்கிறவரை இருக்கிறேன் என்று மாமியார் வீட்டுக்குப் போனாள். போகும் வழியில் பொரித்த கோழியில் ஒரு பொட்டலம் கட்டி நெலியின் கையில் வைத்தாள்.

மறுநாள் காலை ஹசிந்தாவின் வண்டியை நோக்கித் தெருவில் முதல் ஆளாக வந்தவர் அனத்தோலியோ. நின்று நிதானமாக இரண்டு தம்ளர் கஞ்சி குடித்துவிட்டு, காசு எடுக்காமல், "பாத்தியா ஹசிந்தா, நாம அன்னிக்குச் செஞ்ச செலவு வீண்போகல" என்றார். நாம என்றார். அவர் வாழ்க்கையிலேயே தாராளமாகக் கொடுத்த பங்கு அதுதான். ஹசிந்தா மூன்றாவது தம்ளரை ஊற்றினார். வண்டி அதே தெருவில்தான் நிற்கிறது. இப்போது அனத்தோலியோ, மகளின் உயிரைக் காப்பாற்றுவதற்காகவே தீர்க்கதரிசனத்தோடு ஒரு இன்ஜினியரை உருவாக்கியவர். மேட்டுப் பாதையில் படிக்கட்டு கட்டியவரும் அவர்தான்.

நீங்கள் நெலியின் பக்கம் என்பது எனக்குத் தெரியும். இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் நெலியின் பக்கம்தான். ஃபெலிசியானோவும் நெலியின் பக்கம்தான். இருந்தாலும் ஒன்று. உங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை எங்கோ படித்து இன்று நல்ல நிலையில் இருக்கிறது அல்லவா? அது எந்தக் கம்பெனியில் இருக்கிறது, என்ன சம்பளம் வாங்குகிறது, கல்யாணத்தில் உங்களை எத்தனையாவது வரிசையில் உட்கார வைத்தது என்பதெல்லாம் உங்களுக்கு ஏன் இவ்வளவு நன்றாக ஞாபகம் இருக்கிறது? அந்தப் பிள்ளைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவே போவதில்லை. நீங்களே சொல்லிவிடுவீர்கள்.